பதினொன்றை இரண்டால் வகுத்தால்

வீடு விற்றாயிற்று.
பூனை போய் இரண்டு வருடம், அதனால் அந்தச் சண்டை இல்லை.
வக்கீல் பட்டியலில் விட்டுப்போனது
பெர்ரி லாங்ஸ்டாஃபின் பதினோரு இசைத்தட்டுகள்.

மார்ச் மாதம். ஹம்பர் ஆற்றுக் காற்று
கதவின் தபால் மூடியைக்
கடன்காரன்போல் தட்டிக்கொண்டிருந்தது.
கம்பளம் உரித்த வெறும் பலகையில் நெவில்.
நான் மாடிப்படியில், மூன்றாவது படி.
"சிறந்ததிலிருந்து ஆரம்பிப்போம், கெய்னர்" என்றான்.
எது சிறந்தது என்பதிலேயே
கல்யாணத்தில் பாதி போயிருக்கிறது எங்களுக்கு.

அவனுக்கு முதல் தட்டுதான். எழுபத்தெட்டு.
அப்பன் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓர் ஒல்லிப் பையன்,
முப்பத்தொரு நிமிடத்தில் பதின்மூன்று பாட்டு,
பாட்டுக்கு ஒருவரை வைவான்.
"கோபம் தீர்ந்த அன்றே ஆளும் தீர்ந்தான்."
இது நெவில், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்,
மூன்றாவது கிளாஸில்.

எனக்கு நான்காவது.
ஒரே வரி, காதலியையும் உள்துறை அமைச்சரையும்
சேர்த்துத் திட்டும்.
அந்தச் சிலேடை புரிய எனக்கு ஒரு வாரம்,
நெவிலுக்குப் பதினோரு வருடம்.
சொல்லிக்காட்டாமல் இருந்ததில்லை நான்.

பிறகு லாங்ஸ்டாஃப் ஓரிடத்தில் நிற்கவே இல்லை.
ட்ரம்பெட்காரர்கள் ஆறு பேரோடு ஒன்று.
வயலின்களோடு, டிரம்ஸே இல்லாமல் ஒன்று.
லிஸ்பனில் மழைக்கு ஒதுங்கியவன் மாதிரி ஒன்று.
வெறும் பியானோ, இருமல் உட்பட, ஒன்று.
சட்டை மாற்றுகிறான் என்பான் நெவில்.
சட்டை உரிக்கிறான் என்பேன் நான்.
பாம்பைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

எண்பத்தாறில் எங்கள் ஊருக்கே வந்தான்.
அக்கார்டியனை மடியில் வைத்துக்கொண்டு
பழைய பாட்டு ஒன்றுகூடப் பாடவில்லை.
"முதல் தட்டு! முதல் தட்டு!" என்று கத்தியவர்களில்
பெரிய தொண்டை நெவிலுடையது.
லாங்ஸ்டாஃப் மைக்கை நெருங்கிச் சொன்னான்:
"அந்தப் பையன் இன்றைக்கு வரவில்லை."
கைதட்டினேன். திரும்பும் வழியெல்லாம் பேச்சில்லை.

பங்கு போட்டோம்.
நான் கேட்பேன் என்று பயந்ததையெல்லாம்
அவனே என் பக்கம் தள்ளினான்.
எழுபத்தெட்டை அவனிடம் நானும்.
இவ்வளவு மரியாதை எங்கே இருந்தது இத்தனை நாள்?
கோபம்தான் வந்தது எனக்கு.

ஐந்து. ஐந்து.

மீதி ஒன்று: எண்பத்து மூன்று.
வாடகைத் தொப்பியோடு அமெரிக்காவுக்குப் போய்,
ஸ்டீல் கிட்டார் இழுக்க இழுக்க
பத்துப் பாட்டும் ஒப்பாரி வைத்த தட்டு.
கேரவன் ஃபாக்டரி நெவிலை நிறுத்திய வாரம்
பிரின்சஸ் அவென்யூவில் வாங்கினோம்.
ஒரு பக்கம் போட்டுச் சிரித்தோம்.
மறு பக்கம் சேர்ந்து கேட்டதில்லை.
அந்த வாரமே ஓர் இரவு
தண்ணீர் குடிக்க இறங்கினேன்.
ஹெட்போன் மாட்டிய அவன் முதுகு
குலுங்கிக்கொண்டிருந்தது.
எந்தத் தட்டு என்று பார்க்காமல் மேலே ஏறிவிட்டேன்.

"உனக்கா?"
"ஐயோ, வேண்டாம்."
"எனக்கும்."
ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தோம்,
குடிவருகிறவர்களின் தலையெழுத்து என்று.

பஸ்ஸில், நான்காவது நிறுத்தத்தில் கவனித்தேன்:
வாய் திறக்காமல் எதையோ முனகிக்கொண்டிருக்கிறேன்.
மறு பக்கம், இரண்டாவது பாட்டு.
இறங்கித் திரும்பி நடந்தேன்.
ஐந்து மணிவரை சாவி என்னிடம்தான்.

ஜன்னல் விளிம்பில் அப்படியே இருந்தான், தொப்பியும் தானுமாக.
எடுத்தேன். கனமில்லை.
உள்ளே விரல் விட்டேன்.
காகித உறைகூட இல்லை.

முதல் அறையில் நின்று சிரித்தேன்,
காலி வீடு அதை இரண்டு முறை சொன்னது.
ஆளுக்கு ஐந்தரை.
வக்கீலுக்குத் தெரிய வேண்டியதில்லை.

சாவியைத் தபால் துவாரத்தில் போட்டேன்.
வெளியே தூறல்.
அட்டை நனையாமல் கோட்டுக்குள் செருகி,
ஐம்பத்து நான்கு வயதில்,
பஸ்ஸுக்கு ஓடினேன்.